நான்கு பேர் ஊற்றினாலும் அழுகாத செடி

ஜூஜுவாடி,
ஓசூர்.

மதிப்பிற்குரிய ‘தொட்டியும் செடியும்’ பகுதி ஆசிரியர் அவர்களுக்கு,

மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் கடைசித் தெருவில், ஒரு மொட்டைமாடியின் ஒற்றை அறையிலிருந்து காளியம்மாள் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் கறிவேப்பிலை, துளசி, புதினா ஆகிய மூவரும் நலம். தங்கள் நலமும் தங்கள் வீட்டுச் செடிகளின் நலமும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். என் போன கேள்விக்குத் தாங்கள், “பெரியம்மா, இந்த வயதில் குனிந்து குனிந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள்” என்று அன்போடு பதில் அளித்திருந்தீர்கள். எனக்கு வயது இருபத்து மூன்று. குலசாமியின் பெயரை அப்படியே வைத்துவிட்டார்கள். இதை அப்போதே எழுதித் தெரிவித்திருக்க வேண்டும். ஆனால் என் இடுப்பைப் பற்றி வேறொருவர் கவலைப்பட்டது அதுதான் முதல் முறை என்பதால் மறுக்க மனம் வராமல் இருந்துவிட்டேன். மன்னிக்கவும்.

நான் விருதுநகர்ப் பக்கத்துப் பெண். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள். இங்கே வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். வளையம் மாதிரி ஒரு பாகம் என் முன்னால் வரும். கேஜ் என்கிற அளவுக் கருவிக்குள் நுழைந்தால் ‘ஓகே’, நுழையாவிட்டால் ‘நாட் ஓகே’. ஒரு ஷிப்ட் முழுவதும் நான் பேசுவது இந்த இரண்டு சொற்கள்தான். மெஷின் சத்தம் அதிகமானால் அதையும் கட்டை விரலைத் தூக்கியும் கவிழ்த்தும் சொல்லிவிடலாம். அம்மா போனில் “சாப்ட்டியா?” என்பார், “சாப்ட்டேன்” என்பேன், அதற்கப்புறம் இருவருக்கும் என்ன பேசுவது என்று தெரியாமல் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவோம். அறைக்குத் திரும்பியதும் “வந்துட்டேன்” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஒரு ரோஜாச் செடி வாங்கினேன். மற்றபடி எனக்கும் விவசாயத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

ரோஜாவைக் காலி பெயிண்ட் வாளியில் நட்டேன். கொஞ்ச நாளில் இலையெல்லாம் மஞ்சளாகி, தண்டு கறுத்து, தொட்டால் கையோடு வந்துவிட்டது. தங்களுக்கு எழுதினேன். “அடியில் துளை இட்டீர்களா? வேர் அழுகியிருக்கும்” என்று தங்கள் பதில் அச்சாகி வருவதற்குள் ரோஜா போய்விட்டது. ஆகவே ரோஜாவுக்கான வைத்தியத்தைக் கறிவேப்பிலைக்குச் செய்தேன். துளை போட என்னிடம் கருவி இல்லாததால் ஸ்குரூ டிரைவரை அடுப்பில் காய்ச்சி வாளியின் அடியில் குத்தினேன். பிளாஸ்டிக் கருகிய நாற்றம் படி வழியாக இறங்கிப் போய், முதல் மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா முனிலட்சுமி அவர்கள் எங்கோ வயர் எரிகிறது என்று பயந்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். துளைகள் அருமையாக வந்திருந்தன, எல்லாம் ஒரே அளவு. ஆனால் அவற்றின் மேல் ஓட்டாஞ்சில்லு வைத்துவிட்டு மண் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தாங்களும் சொல்லவில்லை. முதல் முறை தண்ணீர் ஊற்றியதும் செம்மண் குழம்பாக ஓடி, வீட்டுக்காரம்மா துணி விரித்துக் காயப் போட்டிருந்த ராகியின் மேல் பாய்ந்தது.

“ஏம்மா, நீ செடிக்குத் தண்ணி ஊத்துறியா, என் ராகிக்கு நாத்து வுடுறியா?” என்று கேட்டார். நான் சிரிக்க வேண்டுமா, அழ வேண்டுமா என்று முடிவு செய்வதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

பிறகு தங்கள் பகுதியில் ஒரு வாசகர், பிளாஸ்டிக் வேண்டாம், மண் தொட்டிதான் மூச்சு விடும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் மண் சாமான் விற்பவரிடம் போனேன். பூந்தொட்டி தீர்ந்துவிட்டது என்றும், பானையிலேயே ஓட்டை போட்டுத் தருவதாகவும் சொல்லி, ஒரு புதுப் பானையின் அடியில் ஆணியை வைத்துத் தட்டிக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டை போட்ட புதுப் பானையோடு ஒரு பெண் தனியாகப் பஸ்ஸில் உட்கார்ந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் மெதுவாக என் கையைப் பிடித்து, “யாரும்மா தவறிப்போயிட்டாங்க?” என்றார். எனக்கு உடனே வாய் வராது. தலையைக் குனிந்துகொண்டேன். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். “கொள்ளிக்கொடம் வாங்கியாறக்கூட வூட்டுல ஒரு ஆம்பள இல்ல பாரு” என்று பின் சீட்டில் ஒருவர் வருந்தினார். “அப்பாவா?” என்றார் இன்னொருவர். இல்லை என்று தலையாட்டினேன். “அப்ப அம்மாவா?” அதற்கும் ஆட்டினேன். ரோஜாதான் போயிற்று, இது கறிவேப்பிலைக்கு என்று சொல்லும் தருணம் கடந்து வெகுதூரம் போயிருந்தது. ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு வாழைப்பழம், “தைரியமா இரு தாயி” என்ற வார்த்தை எல்லாம் கிடைத்தன. இறங்கும்போது கண்டக்டர் பானையைப் பக்குவமாக வாங்கி என் கையில் கொடுத்தார். அந்த மாதத்தில் என்னோடு யாரும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. இறங்கி நடக்கையில் எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. யாருக்காக என்று இன்னும் தெரியவில்லை.

பிறகு துளசிக்கும் புதினாவுக்கும் அதேபோல இரண்டு பானை வாங்கினேன். மண் தொட்டியிலும் ஈரம் காயவில்லை. தொட்டியிலிருந்து கசிந்த தண்ணீர் தளத்தில் ஊறி, வீட்டுக்காரம்மாவின் டிவிக்கு மேலே நேராகச் சொட்ட ஆரம்பித்தது. தாங்கள் சொன்னபடி அடியில் தட்டு வைத்தேன். தட்டில் தண்ணீர் தேங்கி, அதில் கொசுப் புழு நெளிந்து, மாநகராட்சியிலிருந்து டார்ச் லைட்டோடு வந்த அம்மாள் அதை எனக்கே காட்டி, “என்னம்மா, மீன் வளக்கறியா?” என்று திட்டிவிட்டுத் தட்டுகளைக் கவிழ்த்துவிட்டுப் போனார். மறுபடியும் டிவி மேல் சொட்டியது. அன்று மாலை வீட்டுக்காரம்மா மேலே வந்து முடிவாகச் சொல்லிவிட்டார்.

“இத பாரும்மா. உகாதிக்கு வூட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போறேன். அதுக்குள்ள சொட்டறது நின்னா நல்லது. நிக்கலன்னா தொட்டி ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது. அவ்ளோதான்.”

தொட்டிகள் போய்விட்டால் நான் அறைக் கதவைத் திறந்து யாரிடம் “வந்துட்டேன்” என்பேன்? அன்றிலிருந்து தண்ணீரைக் குறைத்தேன். தாங்கள் எழுதியிருந்தபடி விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது என்று வைத்துக்கொண்டேன். விரலை விட்டால் எப்போதும் சேறுதான். அளவுகோலில்தான் கோளாறோ என்று வேறு விரலை விட்டுப் பார்த்தேன். அதுவும் ஈரம். ஒரு வாரம் சுத்தமாக ஊற்றாமல் நிறுத்தினேன். மண் முன்னைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. அப்போதுதான், “செடி தானாகவே தண்ணீர் சுரக்குமா?” என்று தங்களுக்கு எழுதினேன். தாங்கள் பெரியம்மா என்று பதில் போட்டது அதற்குத்தான். என் வயதையும் என் மறதியையும் சேர்த்து மதிப்பிட்டிருக்கிறீர்கள் என்பது இப்போது புரிகிறது.

உகாதிக்கு முந்தின வாரம் கர்நாடகாவில் பந்த். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திபெலேயோடு வண்டிகள் நின்றுவிட்டன. எங்கள் கம்பெனி தமிழ்நாட்டுப் பக்கம்தான் என்றாலும் சரக்கு லாரிகள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதால் எங்களுக்கும் திடீர் விடுமுறை. நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலடிச் சத்தம் கேட்டு ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால், கீழ் போர்ஷனில் இருக்கும் காத்தூன் அக்கா அரிசி களைந்த தண்ணீரைக் குண்டானில் எடுத்துக்கொண்டு வருகிறார். அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிறவர். “குடிச்சுக்கங்க கண்ணுங்களா” என்று மூன்று தொட்டியிலும் ஊற்றினார். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அக்காவுக்குப் பக்கத்துப் போர்ஷன் கரியப்பன் அண்ணன் வந்தார். காவேரிப்பட்டினத்துக்காரர், அவரும் அந்தப் பக்கத்துக் கம்பெனியில் எப்போதும் இரவு ஷிப்ட் பார்ப்பவர், எல்லையிலிருந்து நடந்தே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கையில் பெரிய தண்ணீர் பாட்டில்.

“என்னக்கா நீங்க இங்க?”

“ஏன், நான் மாடிக்கு வரக் கூடாதா? நீ என்னாத்துக்கு பாட்டில தூக்கினு வர்ற?”

“கம்பெனி ஃபில்டர் தண்ணிக்கா. போர் தண்ணி உப்பு, செடிக்கு ஆவாது. தெனமும் வரும்போது புடிச்சாந்து ஊத்திட்டுத்தான் படுப்பேன்.”

“தெனமுமா? அடப்பாவி, நானும் தெனமும்தான ஊத்தறேன்!”

“நீங்க ஊத்தறது எனக்கு எப்பிடித் தெரியும்? முந்தின ஷிப்ட்காரன் செஞ்சிருப்பான்னு நம்பி வுட்டா மெஷின் நின்னுபூடும்கா. நான் எவனையும் நம்பறதில்ல.”

“எங்க லைன்லயும் அதே கததான். முன்னாடி தைக்கறவங்க மேல நம்பிக்க வெச்சா நாமதான் பிரிச்சித் தைக்கணும்” என்று காத்தூன் அக்கா ஒப்புக்கொண்டார்.

அப்போது பூஜை முடித்த ஈரத் தலையோடு வீட்டுக்காரம்மாவே மேலே வந்தார். இருவரையும் பார்த்ததும் கையில் இருந்த சொம்பை முந்தானைக்குள் மறைத்தார்.

“என்ன மாநாடு இங்க?”

“கையில என்னாங்க அது?” என்றார் கரியப்பன் அண்ணன்.

“துளசிக்கு. சாமி தண்ணி. அது தண்ணிக் கணக்குல சேராது.”

“துளசிக்கு மட்டும்தானா?”

“பக்கத்துல ரெண்டும் பாத்துக்கினு நிக்குதுங்களே. அதுங்களுக்கும் ரெண்டு சொட்டு.”

“அப்ப உங்க டிவி மேல சொட்டறது உங்க சாமி தண்ணிதான்!” என்று கரியப்பன் அண்ணன் சிரித்த சிரிப்பில் மூடி கழன்று, பாட்டில் தண்ணீரும் தரையில் கொட்டியது. வீட்டுக்காரம்மா அவசரமாகக் குனிந்து, தன் டிவிக்கு நேராக எது இருக்கிறது என்று அளந்து பார்த்து, அந்த இடத்தை முந்தானையாலேயே துடைத்தார்.

“உனக்குத்தான் செடின்னாலே ஆவாதே, நீ எதுக்கு ஊத்துன?” என்று அவர் காத்தூன் அக்காவைக் கேட்டார்.

“செடிக்கா ஊத்துனேன்? ஒருநாள் துணி எடுக்க வந்தேன்கா. அந்தப் பொண்ணு செடிகிட்ட ஒக்காந்து பேசினு இருக்குது. ‘இன்னிக்குக் கேன்டீன்ல எலுமிச்ச சாதம், நல்லாவே இல்ல’ங்குது. ஒரு ரோஜா போனதுக்கே அது மூஞ்சியப் பாக்க முடியல. இதுங்களும் போச்சுன்னா அப்புறம் யார்கிட்ட பேசும்?”

“நம்மகிட்ட பேசறதுதானே” என்றார் வீட்டுக்காரம்மா.

“எங்க பேசுது? படியில நம்மளப் பாத்தா பல்லி மாதிரி செவுத்துல ஒட்டிக்குது.”

“நானும் ரெண்டு வாட்டி ‘எந்த ஊரும்மா’ன்னு கேட்டேன்” என்றார் கரியப்பன் அண்ணன். “சிரிச்சுட்டு ஓடிடுச்சு.”

வீட்டுக்காரம்மா துளசியில் பழுத்திருந்த ஓர் இலையைக் கிள்ளிப் போட்டார். பிறகு, “சரி. இனிமே நாம யாரும் ஊத்த வேணாம். அதோட செடி, அதுவே ஊத்திக்கட்டும். பாவம், நான் அத வேற திட்டிப்புட்டேன்” என்றார்.

நான் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். வெளியே போய் “விருதுநகர்ப் பக்கம்” என்று சொன்னால் போதும். அதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். முதலில் வணக்கம் சொல்வதா, நேராக ஊரைச் சொல்வதா, ஒளிந்திருந்து கேட்டது தெரிந்துவிடாதா, இப்போதுதான் தூங்கி எழுந்தது போல வரலாமா என்று யோசித்து, தலைமுடியைக் கொஞ்சம் கலைத்துக்கொண்டு கதவைத் திறந்தபோது மாடியில் ஈரக் காலடிகள்தான் இருந்தன.

ஆசிரியர் அவர்களே, அதன் பின் எல்லாம் தாங்கள் எழுதுகிறபடியே நடக்கிறது. சொட்டுவது நின்றது. சுண்ணாம்பு அடித்தாயிற்று. தொட்டிகளை யாரும் இறக்கச் சொல்லவில்லை. உகாதியன்று வீட்டுக்காரம்மா எங்கள் ஊர்ப் போளி மாதிரி ஒப்பட்டு சுட்டு, தட்டால் மூடி என் வாசலில் வைத்துவிட்டு, கூப்பிட்டால் நான் பயந்துவிடுவேன் என்று கூப்பிடாமலே போய்விட்டார். கறிவேப்பிலை துளிர்த்திருக்கிறது. புதினா தொட்டியை விட்டு வெளியே எட்டிப் பார்க்கிறது. ஆனால் மாடிக்கு யாரும் வருவதில்லை. காத்தூன் அக்கா துணியைக்கூடக் கீழே கொடி கட்டிக் காயப் போடுகிறார், மேலே வந்தால் கை சும்மா இருக்காதாம். முன்பெல்லாம் மண்ணில் ஒரு அரிசிக் குருணை கிடக்கும், துளசியில் ஊதுவத்தி வாசனை அடிக்கும், ஏன் என்று தெரியாமலே இருந்தேன். இப்போது விரலை விட்டுப் பார்த்தால் நான் ஊற்றிய தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே என் கேள்வி இதுதான். தினமும் நான்கு பேர் ஊற்றினாலும் அழுகாத செடி எது? அதற்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? அது அரிசி களைந்த தண்ணீர், ஃபில்டர் தண்ணீர், சாமி தண்ணீர், என் தண்ணீர் நான்கையும் குடிக்க வேண்டும், டிவி மேல் சொட்டக் கூடாது. துளையில்லாத தொட்டியில் அல்லி வளர்க்கலாமே என்று தாங்கள் சொல்லக்கூடும். நானும் யோசித்தேன். ஏற்கெனவே தண்ணீர் நிற்கிற தொட்டியில் யார் வந்து ஊற்றுவார்கள்? வேறு ஏதாவது சொல்லுங்கள். வழக்கம்போல ஒரு மாதம் கழித்து வந்தாலும் பரவாயில்லை, காத்திருக்கிறேன்.

தங்கள் அரைப் பக்கம் வளர்ந்து முழுப் பக்கமாகவும், தங்கள் செடிகளை மாவுப்பூச்சி அண்டாதிருக்கவும், தங்களுக்கு இனி எழுதும் பெரியம்மாக்கள் உண்மையிலேயே பெரியம்மாக்களாக இருக்கவும் வேண்டி விடைபெறும்,

தங்கள் உண்மையுள்ள வாசகி,
க. காளியம்மாள், பி.இ.

பின்குறிப்பு: மேலே கேட்ட கேள்வியைத் தயவுசெய்து அடித்துவிடவும். சீக்கிரம் வாடக்கூடிய செடி எது என்று மட்டும் எழுதவும். எவ்வளவு சீக்கிரம் வாடுமோ அவ்வளவு நல்லது. நடந்தது இதுதான். கடிதத்தைத் தபாலில் போட நேரமில்லாமல் கைப்பையிலேயே வைத்திருந்தேன். கம்பெனியில் ஆள் குறைவு என்று இரவு ஷிப்ட் முடிந்ததும் காலை ஷிப்ட்டையும் பார்க்கச் சொன்னார்கள். முந்தின இரவு கிளம்பிய அவசரத்தில் அறை விளக்கை அணைக்கவில்லை, செடிகளுக்கும் ஊற்றவில்லை. இந்த வெயிலில் மண் தொட்டி என்னவாகும் என்று தங்களுக்குத் தெரியும். மாலை வெயிலோடு திரும்பி மாடிப்படி ஏறினால், என் கதவின் முன்னால் கூட்டம். கரியப்பன் அண்ணன் கடப்பாரையைக் கதவு இடுக்கில் விட்டு நெம்பிக்கொண்டிருக்கிறார். எனக்கும் பதற்றமாகிவிட்டது. பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்து, “என்னாச்சுங்க?” என்றேன். காத்தூன் அக்கா திரும்பாமலே, “உள்ள அந்தப் பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சு. லைட்டு எரியுது, தட்டுனா சத்தமில்ல. செடிங்க தல தொங்கிக் கெடக்குது பாரு. தான் பட்டினி கெடந்தாலும் அதுங்களுக்கு ஊத்தாம இருக்காது அது” என்று அழுதார். “அப்படிங்களா” என்றேன். கதவிலேயே பதித்த பூட்டு, ஆள் உள்ளேயா வெளியேயா என்று வெளியிலிருந்து தெரியாது. அது உடைந்தது. நான்கு பேரும் உள்ளே பார்த்தோம். பாய், பக்கெட், விளக்கு, அவ்வளவுதான். அப்புறம் வீட்டுக்காரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் திட்டியதை எழுதினால் தாங்கள் அச்சிட மாட்டீர்கள். திட்டிக்கொண்டே செடிகளுக்கு ஊற்றினார், மற்ற இருவரும் ஊற்றினார்கள், இதற்குள் கீழே டிவி மேல் சொட்ட ஆரம்பித்திருக்கும். “எந்த ஊரும்மா நீ?” என்றார் கரியப்பன் அண்ணன். சொன்னேன். இப்போது என் கதவு சாத்துவதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே காத்தூன் அக்கா இரண்டு முறை உள்ளே வந்து, யாருக்கு இவ்வளவு நீளமான கடிதம் என்று கேட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை புதுப் பூட்டு போட்டுத் தருவதாகக் கரியப்பன் அண்ணன் சொல்கிறார். அவசரமில்லை அண்ணே, மெதுவாகப் பார்க்கலாம் என்று நானே வாய் திறந்து சொல்லியிருக்கிறேன்.